பதினைந்து குளிர்காலம்: நார்த் டகோட்டா பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கதை

2017 மார்ச் 28, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கப் பெண்கள் தேசிய ஐஸ் ஹாக்கி அணிக்கும் அந்நாட்டு ஹாக்கி சங்கத்துக்கும் இரண்டு வாரமாக நடந்த இழுபறி ஒருவழியாக முடிந்தது. நியாயமான சம்பளம் தராவிட்டால் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆட மாட்டோம் என்று வீராங்கனைகள் ஒன்றாக நின்றிருந்தார்கள். அதுவரை சங்கம் அவர்களுக்குக் கொடுத்துவந்தது, ஒலிம்பிக்கை ஒட்டிய ஆறு மாதங்களுக்கு மாதம் 1,000 டாலர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு மாதம், அவ்வளவுதான். போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கும்போது சங்கம் இறங்கி வந்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் இருவர் மோனிக் லாமரூ, ஜாஸ்லின் லாமரூ. இரட்டையராகப் பிறந்த சகோதரிகள்.

மறுநாள் மார்ச் 29. இந்தச் சகோதரிகள் படித்து, ஆடி, பட்டம் வாங்கிய நார்த் டகோட்டா பல்கலைக்கழகம், தன் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைக் கலைப்பதாக அறிவித்தது. ஆண், பெண் நீச்சல் அணிகளும் கூடவே போயின. காரணம் பணம்.

ஒரே வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஒரு நாள் பெண்கள் ஹாக்கிக்கு நாடே கைதட்டியது. அடுத்த நாள் அந்த ஆட்டத்தின் நாற்றங்கால்களில் ஒன்றை உழுது போட்டுவிட்டார்கள். தோற்றுக்கொண்டே இருந்ததால் இந்த அணி கலைக்கப்படவில்லை. அது நன்றாக ஆடத் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த அணியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணமே அதுதான்.

ஹாக்கி என்றதும் நமக்குப் பச்சைப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஆட்டம். 200 அடி நீளம், 85 அடி அகலப் பனித்தளம். சுற்றிலும் தடுப்புச் சுவர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமுள்ள கெட்டியான ரப்பர் வட்டு, அதற்குப் பக் என்று பெயர். ஒரு பக்கம் ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். 20 நிமிடங்களாக மூன்று பகுதி. சறுக்குக் காலணியில் முழு வேகத்தில் ஓடுவதால், ஒரு நிமிடத்துக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆள்மாற்றம் பின்னால் கதையில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் எதிராளியை வேண்டுமென்றே உடலால் மோதித் தள்ளுவது தப்பாட்டம். மற்றபடி இரண்டும் ஒரே ஆட்டம்தான்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணி கலைந்தால் அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குச் சட்டென்று விளங்காது. நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் ஆண்டு விழாவுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு சங்கதி. அங்கே அப்படியில்லை. ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோரைப் பல்கலைக்கழகங்கள்தான் வளர்த்தெடுக்கின்றன. பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இன்றைய தொழில்முறை லீக் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் வந்த லீக்குகளில் ஒன்று 2019இல் மூடப்பட்டது. மற்றவற்றில் கிடைத்த சம்பளத்தை வைத்துப் பெரும்பாலும் வீட்டு வாடகைகூடக் கொடுக்க முடியாது. ஆக, இந்தக் கதை நடந்த காலத்தில் 18 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குத் தினமும் பனித்தளம், முழுநேர கோச், மருத்துவர், பயணச் செலவு எல்லாம் ஒன்றாகக் கிடைத்த இடம் பெரும்பாலும் கல்லூரி அணிதான். அப்போது ஓர் அணி 18 முழு ஸ்காலர்ஷிப் வரை கொடுக்கலாம் என்று விதி இருந்தது. ஆடும் உரிமை நான்கு ஆண்டுதான். நான்கு ஆண்டு முடிந்ததும் தேசிய அணியில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு ஒரு கும்பிடு.

இந்தக் கல்லூரி ஹாக்கியும் பழைய மரம் அல்ல. 1964இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியான பெம்பிரோக்கில் முதல் அணி உருவானது. ஆனால் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்குக்குள் வந்தது 1998 நாகானோவில்தான். ஆண்கள் 1920 முதல் ஆடிவருகிறார்கள். கல்லூரிப் பெண்களுக்கான அதிகாரபூர்வத் தேசியக் கோப்பை 2001இல் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 2002-03 சீசனில், நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் தன் பெண்கள் அணியைக் களமிறக்கியது.

கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடா எல்லைக்குப் பக்கத்தில், வடக்கு நோக்கி ஓடும் ரெட் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா மாநிலம். அறுபதாயிரத்தை எட்டாத மக்கள்தொகை. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. 1883இல், அந்தப் பகுதி மாநிலமாவதற்கு ஆறு ஆண்டு முன்பே, பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆண்கள் ஹாக்கிதான் ஊரின் மதம். 8 தேசியக் கோப்பைகள். அந்த அணியின் பழைய கோல்கீப்பர் ஒருவர், ரால்ஃப் எங்கல்ஸ்டாட், லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி நடத்திப் பெரும் பணக்காரரானார். அவர் பணத்தில் 2001இல் எழுந்த அரங்கத்துக்கு ஆன செலவு 10 கோடி டாலருக்கும் மேல். 11,000க்கும் அதிகமான இருக்கைகள், தோல் உறை போட்டவை. கல்லூரி ஹாக்கிக்கு இப்படி ஓர் அரங்கம் வேறெங்கும் இல்லை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். புதிதாகப் பிறந்த பெண்கள் அணியும் இந்த அரங்கத்தில்தான் ஆடியது.

2004-05இல் அந்த அணி மேற்குப் பகுதிக் கல்லூரி லீகில் சேர்ந்தது. இதைவிடக் கடினமான இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது. 2001 முதல் 2013 வரை நடந்த 13 தேசியக் கோப்பைகளையும் அந்த ஒரே லீகின் மூன்று அணிகள்தான் பங்குபோட்டுக்கொண்டன: மினசோட்டா டுலூத் 5, மினசோட்டா 4, விஸ்கான்சின் 4. வெளியார் யாருக்கும் ஒன்றுகூட இல்லை. எட்டு அணிகள் கொண்ட லீகில் ஒவ்வோர் எதிரணியோடும் சீசனுக்கு நான்கு முறை மோத வேண்டும். அதாவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாட்டின் தலைசிறந்த மூன்று அணிகளோடு 12 ஆட்டம். முதல் சில ஆண்டுகள் அடி வாங்கியே கழிந்தன. 2007இல் பிரையன் இடால்ஸ்கி கோச்சாக வந்தார். அப்போதும் உடனே எதுவும் மாறிவிடவில்லை.

மாற்றம் 2010இல் வந்தது. லாமரூ சகோதரிகள் 1989இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் பிறந்தவர்கள். மூத்தவர்கள் நால்வரும் அண்ணன்கள், எல்லாருமே ஹாக்கி ஆடியவர்கள். அப்பா இதே பல்கலைக்கழகத்தின் பழைய கோல்கீப்பர். ஆனால் சகோதரிகள் முதலில் சேர்ந்தது பக்கத்து மாநிலத்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில். அது நியாயமும்கூட. கோப்பை வெல்லும் அணி, பெண்கள் கல்லூரி ஹாக்கிக்கென்றே கட்டிய அரங்கம், எல்லாம் அங்கே இருந்தது. ஓர் ஆண்டு அங்கே ஆடினார்கள். பிறகு தேசிய அணியோடு வான்கூவர் ஒலிம்பிக்குக்குப் போய் வெள்ளி வாங்கினார்கள். திரும்பி வந்தபோது மினசோட்டாவுக்குப் போகவில்லை. சொந்த ஊர் அணிக்கு மாறினார்கள்.

நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் இருவர், ஜெயிக்கும் அணியை விட்டுத் தோற்கும் அணிக்கு வந்தால் என்ன ஆகும்? மற்றவர்களும் அந்த அணியைத் திரும்பிப் பார்ப்பார்கள். டென்மார்க்கில் பிறந்து பின்லாந்துக்கு ஆடிய மிஷெல் கார்வினன் போன்றவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். கார்வினன் ஒலிம்பிக்கில் பின்லாந்துக்காக மூன்று முறை வெண்கலம் வென்றவர். 2012இல் அணி முதல்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2013இல் மறுபடியும்.

அந்த 2013ஆம் ஆண்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்தச் சீசனில் மினசோட்டா 41 ஆட்டம் ஆடி 41லும் வென்றது. பெண்கள் கல்லூரி ஹாக்கியில் அதற்கு முன் யாரும் தோல்வியோ சமனோ இல்லாமல் ஒரு சீசனை முடித்ததில்லை. அந்தச் சாதனை கையை விட்டு நழுவப் பார்த்த ஒரு நாள் உண்டு. மார்ச் 16, தேசியப் போட்டியின் காலிறுதி, மினசோட்டாவின் சொந்த அரங்கம். எதிரே நார்த் டகோட்டா. 60 நிமிடம் முடிந்தபோது 2-2. 20 நிமிட ஓவர்டைம், கோல் இல்லை. இரண்டாவது ஓவர்டைம், கோல் இல்லை. ஒவ்வொரு முக்கால் நிமிடமும் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, பெஞ்சில் விழுந்து மூச்சு வாங்கி, திரும்பவும் தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இப்படியே 100 நிமிடம். யார் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடியும் என்பதால் ஒரு சின்னத் தடுமாற்றத்துக்கும் மன்னிப்பு இல்லை. மூன்றாவது ஓவர்டைமில் மினசோட்டா கோல் போட்டது. 3-2. லாமரூ சகோதரிகளின் கல்லூரி ஆட்டம் அங்கே முடிந்தது.

கணக்கு எட்டு மாதம் கழித்துத் தீர்ந்தது. மினசோட்டாவின் தொடர் வெற்றி அடுத்த சீசனிலும் நீண்டு 62 ஆட்டத்தை எட்டியிருந்தது. 2013 நவம்பர் 17 அன்று அதை நிறுத்தியது நார்த் டகோட்டா. அதே 3-2. இந்த முறை லாமரூ சகோதரிகள் அணியில் இல்லை. அவர்கள் இல்லாமலும் வெல்ல முடிகிற அணியாக அது மாறியிருந்தது. என்னைக் கேட்டால், அந்த அணி முழுமையாக வளர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடிய நாள் அதுதான்.

அப்புறம் எண்ணெய் விலை விழுந்தது. நார்த் டகோட்டாவின் வரவுசெலவு நிற்பது பாக்கன் எண்ணெய் வயல்களிலும் விவசாயத்திலும். 2014க்குப் பிறகு இரண்டுமே சரிந்தன. மாநில அரசு உயர்கல்விக்கான பணத்தை வெட்டியது. பல்கலைக்கழகம் துறை துறையாக வெட்டிக்கொண்டு வந்தது. விளையாட்டுத் துறைக்கு வந்த பங்கு சுமார் 13 லட்சம் டாலர். பெண்கள் ஹாக்கிக்குச் செலவு அதிகம், டிக்கெட் வரவு குறைவு. கணக்குப் பார்த்தவர்களின் பேனா அங்கே போய் நின்றது.

பணம் இல்லை என்பது பொய்யில்லை. நிஜமாகவே பற்றாக்குறை இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் அடிப்படைக் கோளாறு இருப்பதாக நான் நினைக்கிறேன். ஆண்கள் அணியின் வரவோடு பெண்கள் அணியின் வரவை ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் வயது ஒன்றா? ஆண்கள் ஹாக்கி அந்தப் பல்கலைக்கழகத்தில் 1940களிலிருந்து தொடர்ந்து நடக்கிறது. முதல் கோப்பை வந்தது 1959இல். அப்பா மகனைக் கூட்டிப்போய், அந்த மகன் தன் பிள்ளையைக் கூட்டிப்போய், மூன்று தலைமுறை சேர்ந்து உருவாக்கிய கூட்டம் அது. பெண்கள் அணிக்குக் கிடைத்தவை 15 சீசன். அந்த அணியைப் பார்த்து ஹாக்கி மட்டையைப் பிடித்த எட்டு வயதுச் சிறுமி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டு ஆகும். கூட்டம் வரும் வழியை அடைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்றால் எப்படி?

அறிவிப்பு வந்த நேரமும் கொடுமை. மார்ச் கடைசியில் மற்றப் பல்கலைக்கழகங்கள் அடுத்த சீசனுக்கான ஆட்களையும் ஸ்காலர்ஷிப்களையும் பெரும்பாலும் முடிவு செய்திருக்கும். கலைந்த அணியின் வீராங்கனைகள் வேறு கல்லூரிக்கு டிரான்ஸ்பர் வாங்கி உடனே ஆடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் இருபத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் இடம் எங்கே இருக்கும்? ஆட்டம் வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும், படித்த பாடப்பிரிவு அங்கே இல்லாமலும் போகலாம். பட்டம் வேண்டுமென்றால் இங்கேயே இருக்கலாம், ஆட்டம் இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் சில வாரங்களில் எடுக்க வேண்டியிருந்த முடிவு இது.

அடுத்த பிப்ரவரிக்கு வருவோம். 2018 பிப்ரவரி 22, தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம். கனடா நான்கு முறை தொடர்ந்து தங்கம் வென்ற அணி. அமெரிக்கா கடைசியாக வென்றது 1998இல். அதற்கு முந்தைய இறுதி ஆட்டத்தில், 2014இல், அமெரிக்கா 2-0 என்று முன்னால் இருந்து, கடைசி நிமிடத்தில் சமன் வாங்கி, ஓவர்டைமில் தோற்றிருந்தது. அந்தத் தோல்வியில் சகோதரிகள் இருவரும் இருந்தார்கள். இப்போதும் கனடா 2-1 என்று முன்னால். ஆட்டம் முடிய ஆறரை நிமிடம்கூட இல்லை. கனடாவின் ஆட்கள் மாறிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் கெல்லி பானெக் ஒரு நீளமான பாஸ் கொடுத்தார். பக்கை வாங்கிய மோனிக்கின் முன்னால் கோல்கீப்பர் மட்டுமே. உயரத் தூக்கி அடித்தார். 2-2.

ஓவர்டைமும் முடிந்து ஷூட்அவுட், அதாவது ஒவ்வொருவராகப் பக்கோடு வந்து கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொள்வது. ஐந்து சுற்று முடிந்தும் சமன். ஆறாவது சுற்றுக்கு ஜாஸ்லின் வந்தார். எதிரே ஷானன் சபாடோஸ், உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். ஜாஸ்லின் வேகமாக வந்து அடிப்பதுபோலக் காட்டினார், பக்கை இந்தப் பக்கம் இழுத்தார், சபாடோஸ் அந்தப் பக்கம் சாய்ந்தார், பக்கைத் திரும்ப மறுபக்கம் கொண்டுவந்து திறந்திருந்த வலைக்குள் மெல்லத் தள்ளினார். கண்மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் மூன்று முடிவுகள். அடுத்து கனடாவின் மேகன் அகோஸ்டா வந்தார், அமெரிக்க கோல்கீப்பர் மேடி ரூனி தடுத்தார். 20 ஆண்டு கழித்துத் தங்கம்.

மேடி ரூனி மினசோட்டா டுலூத் மாணவி. பானெக் மினசோட்டா. சமன் கோல் போட்டவரும் வெற்றிக் கோல் போட்டவரும் நார்த் டகோட்டா. தங்கத்தைக் கொண்டுவந்த முக்கியமான கைகள் எல்லாம் ஒரே கல்லூரி லீகில் பழகியவை. அந்தக் கைகளில் இரண்டு ஜோடியைக் கொடுத்த அணி, அந்த நாளில் உலகத்தில் இல்லை.

அதே 2018இல் கலைந்த அணியின் முன்னாள் வீராங்கனைகள் 11 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது டைட்டில் நைன் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றிய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். மூலத்தில் 37 சொல்தான். விளையாட்டு என்ற சொல்கூட அதில் இல்லை. ஆனால் அமெரிக்கப் பெண்கள் விளையாட்டை மாற்றியது அந்த 37 சொல்.

சட்டத்தை நடைமுறைப்படுத்த 1975இல் விதிகள் வந்தன. அவற்றில் உடல் மோதும் ஆட்டங்களுக்குத் தனிச் சலுகை கொடுத்தார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி போன்றவற்றில் ஆண்கள் அணிக்குள் பெண்களைச் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. கதவை மூட வசதியான ஒரு விதிவிலக்கு. ஆனால் 1979இல் அரசு வெளியிட்ட விளக்கத்தில் அதே கதவுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. இப்படி ஓர் ஆட்டத்தில் ஒரு பாலினத்துக்கு மட்டும் அணி வைத்திருந்தால், மற்றப் பாலினத்துக்கு அதில் வாய்ப்புக் குறைவாகவே இருந்துவந்திருந்தால், அணியை நடத்தும் அளவுக்கு ஆர்வமும் திறமையும் இருந்தால், மோத எதிரணிகளும் இருந்தால், அவர்களுக்கும் தனி அணி வைக்க வேண்டும். வழக்குத் தொடுத்தவர்கள் பிடித்தது இந்த நூலைத்தான். ஆண்களுக்கு ஐஸ் ஹாக்கி இருக்கிறது. எங்களுக்கு இருந்தது, பிடுங்கிவிட்டீர்கள். ஆர்வம் உண்டா, திறமை உண்டா என்று கேட்கத் தேவையே இல்லை, 15 சீசன் ஆடிக் காட்டியிருக்கிறோம்.

இந்த வாதம் எளிமையானது, எனக்குச் சரியென்றும் படுகிறது. கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை, 2019இல் விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி செய்தது. வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. ஆண்களுக்கு ஐஸ் ஹாக்கி இருந்து பெண்களுக்கு இல்லாமலிருப்பது சட்டப்படி கேள்வி கேட்கத்தக்கதே, வழக்கை நடத்துங்கள் என்று கீழே திருப்பி அனுப்பியது. பெண்கள் அணி வைக்காத மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தத் தீர்ப்பில் செய்தி உண்டு.

அந்தத் தீர்ப்பு வந்தபோது, அணி கலைந்த நாளில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தவர்கூடத் தன் நான்கு ஆண்டு ஆட்ட உரிமைக்கான காலத்தைத் தாண்டியிருந்தார். கிராண்ட் ஃபோர்க்ஸ் அரங்கத்தில் அவர்கள் திரும்ப ஆடவில்லை. நார்த் டகோட்டா போன பிறகு ஏழு அணிகளோடு நடந்துவந்த லீகில், அந்த இலையுதிர்காலத்தில் எட்டாவது அணி ஒன்று சேர்ந்தது. மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம்.